மாற்றுச் சம்பந்தத்தில் போனவள்

தங்கச்சி,

நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. நேற்று உன் புருஷன் பிக்கரிங்கிலிருந்து உன் புத்தகங்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். திறந்தவுடன் நீ நெற்றியில் பூசும் தைலத்தின் மணம். மேலே கிடந்த புத்தகத்தின் அட்டையில், ஐந்நூறு வருடங்களுக்கு முந்தைய ஜெர்மன் பிரபு வீட்டுச் சிறுமி ஒருத்தி கழுத்து நிறைய நகையோடு நிற்கிறாள். கலியாணப் பேச்சுக்காக வரைந்த படமாம்.

நாற்பது வயதில் நீ பல்கலைக்கழகம் போய் இந்தப் பெண்களைப் பற்றிப் படித்தபோது, "உனக்கு ஜெர்மன் அரண்மனையிலை என்ன வேலை?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"அண்ணா, அவையளும் மாற்றுச் சம்பந்தம் செய்திருக்கினம். ஒரு வீட்டு அண்ணன் தங்கச்சிக்கு மற்ற வீட்டு அண்ணன் தங்கச்சி. நாங்கள்தான் கண்டுபிடிச்சனாங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் உன் புருஷனின் தங்கையைக் கட்டினேன். அவர் உன்னைக் கட்டினார். அந்தப் பிரபுக்கள் பத்து வயதுப் பிள்ளையைக் குதிரை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நாங்கள் உனக்கு இருபத்தாறு ஆகும்வரை பொறுத்திருந்து விமானத்தில் இந்தக் குளிர் நாட்டுக்கு எடுப்பித்தோம். மனித குலம் முன்னேறவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

பிரபுக்கள் மாப்பிள்ளை பார்க்கத் தூதர்களை அனுப்பினார்கள். நம் வீட்டுத் தூதன் நான். அவரோடு ஒரு கோப்பிக் கடையில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, "குடி இல்லை, சிகரெட் இல்லை, நிரந்தர வேலை" என்று ஊருக்கு எழுதினேன். கோப்பி ஆறிவிட்டதென்று கடைப் பிள்ளையை அவர் அழவைத்ததை எழுதவில்லை. அவரின் தங்கையின் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

கலியாணமாகி இரண்டாம் வருடம், தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சூட்கேசோடு ரயிலும் பஸ்ஸும் மாறி அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

"அண்ணா, நான் இனி அங்கை போகேலாது. அந்த மனிசனுக்கு முன்னாலை வாய் திறக்கப் பயமாக் கிடக்கு."

"உது சரிவராது. நீ இஞ்சை நிண்டால் அவையள் உன்ரை மச்சாளைத் திருப்பிக் கூப்பிடுவினம்."

"அப்ப நான் என்ன, பிணையே?"

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி சொன்னாள்: "ஆர் கூப்பிட்டாலும் நான் போகன். அவள் இஞ்சையே நிக்கட்டும். என்ரை அண்ணையை எனக்குத் தெரியும்."

என் சாட்டு அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. ஆனாலும் காரைக் கிளப்பத் திறப்பை எடுத்தேன். சனம் என்ன கதைக்குமோ என்ற பயத்துக்குக் குடும்ப மானம் என்று பெயர் வைத்திருந்தேன். பிக்கரிங் வரைக்கும் "பொறுத்துப் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் சொன்னாய்: "அந்த ஜெர்மன் பெட்டையள் தமையன்மாருக்கு எழுதுவினம் அண்ணா, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. வந்த மறுமொழி எல்லாம் உங்கடை குரலிலைதான் எனக்குக் கேக்குது." மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் வாய்த்திராது. நான் இன்னொரு தேத்தண்ணி கேட்டேன்.

நானும் உன் மச்சாளும் சந்தோஷமாகத்தான் வாழ்கிறோம். கலியாண வீடுகளில் புதுச் சோடிகளை எங்கள் காலில் விழச் சொல்கிறார்கள். குனிந்து அந்தப் பெண்ணின் தலையில் கை வைக்கும்போதெல்லாம், அவளுடைய அண்ணன் எங்கே நிற்கிறான் என்று என் கண் தேடுகிறது.