வேர்த்துச்சா என்று ஊரைக் கேட்டவனுக்கு

மச்சான்,

இன்று காலை உன் தங்கச்சி இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி ஓமம் வறுத்தாள். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டேன். "இன்னா பண்றீங்க? பாதியில நிக்குது" என்றாள். "கடையில பொடியாவே கிடைக்குது, வாங்கிக்கலாம்" என்றேன். நம் பொண்ணு மலருக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிளறியாக வேண்டும், அதைக் கடைப் பொடியில் கிளற உன் தங்கச்சி சம்மதிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வந்துவிட்டேன்.

இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பாசத்தைக் கொட்ட எழுதவில்லை. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, உன் மேல் இருக்கிற கோபம் ஒரு துளி குறையவில்லை. யாரிடமாவது சொல்லலாம் என்றால், "போனவன் மேல என்னய்யா கோவம்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

நமக்குள் முதல் சண்டையே சோம்பில்தான் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் சிதம்பரம் வந்திருந்தேன். நீயே நின்று மீன் குழம்பு வைத்தாய். எண்ணெய் காய்ந்ததும் வெந்தயத்தைப் போட்டுவிட்டு, கரண்டியும் கையுமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "செவந்தா அடுத்தத போடணும். கருகிச்சின்னா எண்ணெயக் கொட்டிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று எனக்கு விளக்கம் வேறு. சாப்பிடும்போது நான் சும்மா இருக்காமல், எங்கள் வீட்டில் மீனுக்குச் சோம்பு அரைத்து ஊற்றுவார்கள் என்று சொல்லிவிட்டேன். புது மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை நீ. "மீன் நேத்து மீனா இருந்தாதான் சோம்பு கேக்கும். ஒங்க வீட்ல எந்தக் கிழமை மீன் வாங்குறீங்க?" என்றாய். பந்தியே சிரித்தது. அப்புறம் பல வருஷம் கழித்து, சுறாப் புட்டுக்கு மட்டும் சோம்பு போடலாம் என்று ஒரு சலுகை கொடுத்தாய்.

கடையிலும் அப்படித்தான். உன் நாட்டு மருந்துக் கடையில் சீரகம், சோம்பு, சதகுப்பை மூன்றும் அடுத்தடுத்த டப்பாவில் இருக்கும். சனிக்கிழமைதோறும் நான் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தால், உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி "இது இன்னாது சொல்லு" என்பாய். நான் சோம்பு என்பேன். அது சதகுப்பையாக இருக்கும். "இத்தனை வருஷமா வர்றான், இன்னும் சதகுப்பைக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியல. இவன நம்பி கவர்மெண்ட் ஆபீஸ்ல ஃபைலக் குடுத்திருக்காங்க" என்று வந்து நிற்கிறவர்களிடம் சொல்வாய். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்காகவே சில சமயம் தெரிந்தும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். இதை நீ இருக்கும்போது சொல்லவில்லை.

உன்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. நீ விற்றதை விட விற்க மறுத்தது ஜாஸ்தி. போனில் யாரோ அனுப்பிய செய்தியைக் காட்டிக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்தப் போகிறேன், வெந்தயம் ஒரு கிலோ கொடு என்று ஒருவர் வந்தார். "மாத்திரையோட சாப்புடலாமான்னு டாக்டரக் கேட்டுட்டு வா, தரேன். நிறுத்தப் போறேன்னா வேற கடையப் பாரு" என்றாய். அவர் நிஜமாகவே வேறு கடையைப் பார்த்துக்கொண்டு போனார். நான் கேட்டதற்கு, "சீரகம் செரிமானத்துக்கு, ஓமம் வயித்துப் பொருமலுக்கு, கொத்தமல்லி பித்தத்துக்கு. அதுங்களால முடிஞ்ச வேலையத்தான் அதுங்ககிட்ட வாங்கணும்" என்றாய்.

நெஞ்சு வலிக்குது, ஓமம் குடு என்று யார் வந்தாலும் நீ டப்பாவைத் தொடமாட்டாய். முதலில் மூன்று கேள்வி. வேர்த்துச்சா? நெஞ்சுல எரியுதா, அழுத்துதா? கை இழுக்குதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று தலையாட்டினாலும் போதும், ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவாய். குடிகாட்டிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், "சாதா கேஸுதான் அண்ணே, நேத்து பரோட்டா சாப்ட்டேன்" என்று கெஞ்சக் கெஞ்ச என்னையும் கூட ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய். அங்கே போன அரை மணி நேரத்தில் அவரைப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து வாழைத்தாரோடு வந்து நின்றார். "பரோட்டா மேல பழியப் போட்டியே, அது பாவம்யா" என்றாய்.

இவ்வளவும் தெரிந்தவன் நீ. அதுதான் மச்சான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. தெரியாதவன் செத்தால் விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அந்தச் சனிக்கிழமை நான் வந்தபோது மணி பத்து இருக்கும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, மகளுக்குப் பிரசவ லேகியம் சொல்லியிருந்தார்கள். மகளும் குழந்தையும் வீட்டுக்கு வந்தாயிற்று, மத்தியானம் வாங்க வருகிறார்கள். கடைப் பெண் லீவு. நீ பின்னால் இருக்கிற அந்த ஜன்னல் இல்லாத அறையில் தனியாக நின்று மிளகும் திப்பிலியும் ஓமமும் வறுத்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளே நுழைந்ததுமே நெடியில் இருமினேன். உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து வேர்வை வடிந்துகொண்டிருந்தது.

"இன்னா மச்சான், இப்படி வேர்க்குது?" என்று கேட்டேன்.

"அடுப்பு முன்னாடி நின்னா வேர்க்காம, குளிருமா?" என்றாய்.

நான் சிரித்தேன்.

அப்புறம் நீ அரைத்தாய், பனைவெல்லப் பாகு வைத்தாய், நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளற ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஆபீஸ் கதை பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு முறை நெஞ்சைத் தடவினாய். "எரியுதுய்யா. மிளகு நெடி இறங்கிடுச்சி" என்றாய். எனக்கும்தான் தொண்டை எரிந்தது, அதனால் நம்பினேன். கொஞ்ச நேரம் கழித்துத் துடுப்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாய், பிறகு கீழே வைத்துவிட்டு இடது தோளை அமுக்கிக்கொண்டாய். "கிளறிக் கிளறி கை விட்டுப்போச்சி. நீ கொஞ்சம் புடி" என்றாய். நானும் கிளறினேன். ஐந்து நிமிஷத்தில் எனக்கும் தோள் வலித்தது.

பார்த்தாயா மச்சான். மூன்று கேள்விக்கும் பதில் என் கண் முன்னாலேயே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த அறையில் ஒரு காரணமும் இருந்தது. வேர்வைக்கு அடுப்பு, எரிச்சலுக்கு மிளகு, கைக்குத் துடுப்பு. வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும் நீயே கண்டுபிடித்திருப்பாய். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உன்னிடம் இதே மூன்றையும் ஒருவன் வந்து சொல்லியிருந்தால் ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பாய். அடுப்புக்கு முன்னால் நின்றதால் உனக்கு அது வேலைக் களைப்பாகத் தெரிந்தது.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. "ஒரு கை ஓமம் எடுத்துத் தண்ணி கொதிக்க வையேன், வாயு புடிச்சிக்கிட்டாப்ல இருக்கு" என்று நீ சொன்னாய், நான் வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எந்த டப்பா என்று உன்னைக் கேட்காமல் சரியாக எடுத்தேன். முக்கால் டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும் வரை நின்று வடிகட்டிக் கொடுத்தேன். நீ குடித்தாய், பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாய். "பாத்தியா, கேஸுதான். கலைஞ்சிடுச்சி" என்றாய். அந்த ஏப்பத்தை நானும் நம்பினேன். எதற்கு வந்ததோ அது, சனியன்.

மத்தியானம் அந்த அம்மா வந்தார்கள். நீ லேகியத்தைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு, பத்தியம் இன்னது, புளி ஆகாது, காய்ச்சல் கண்டால் லேகியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டணும் என்று எல்லாம் சொன்னாய். அவர்கள், "மகளுக்கு துஆ செய்ங்க தம்பி" என்றார்கள். "நல்லா இருப்பாம்மா" என்றாய். அவர்கள் படி இறங்கினதும் நாற்காலியில் உட்கார்ந்தாய். "மச்சான், கண்ணு இருட்டுது" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர், எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். காலையிலேர்ந்து, கேஸுன்னு நெனச்சோம் என்றேன். அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் தங்கச்சி கடலூரிலிருந்து வந்து சேர்ந்ததும் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க அங்கதான இருந்தீங்க?" அதற்கப்புறம் இன்று வரை கேட்டதில்லை. கேட்கமாட்டாள் என்பதுதான் எனக்குக் கஷ்டம்.

உன் படத்திறப்பில் நம் சொந்தக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "மச்சான் கடைசி வரைக்கும் ஒரு இங்கிலீஷ் மாத்திரையத் தொட்டதில்ல, மூலிகையிலயே வாழ்ந்த மனுஷன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் மேசை இழுப்பறையில் பிரஷர் மாத்திரை இருந்ததும், அதை நீ தினமும் காலையில் இட்லி சாப்பிட்டதும் போட்டுக்கொண்டதும் எனக்குத் தெரியும். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தப் பொய்யைக் கேட்டுவிட்டு எவன் மாத்திரையை நிறுத்தினானோ.

அதிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு பிடித்துவிட்டது. யார் நெஞ்சில் கை வைத்தாலும் ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறேன். ஆபீசில் எனக்கு ஈசிஜி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதுவரை நாலு பேரைக் கொண்டுபோனேன், நாலு பேருக்கும் ஒன்றுமில்லை. போன ஆவணியில் உன் தங்கச்சிக்கு நெஞ்சு கரித்தது. அவள் ஓமம் எடுக்கப் போனாள், நான் டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, வெறும் அசிடிட்டி என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது அவள் அலுப்பில், "எங்கண்ணன் இருந்திருந்தா அரை டம்ளர் தண்ணியில முடிஞ்சிருக்கும்" என்றாள். நான், "ஒங்கண்ணனே அரை டம்ளர் தண்ணியிலதான முடிஞ்சான்" என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ வீடு வந்து சேரும் வரை அவள் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அது பொய்யும் இல்லை, என்ன செய்ய?

அதற்காக ரசத்தில் சீரகம் போடாதே என்றா சொல்ல முடியும்? மலருக்கு அந்த மருந்து வேண்டும், நீ இருந்தால் நீதான் கிளறிக் கொடுத்திருப்பாய், பேரனைப் பார்க்க முதல் ஆளாக வந்து நின்றிருப்பாய். ஓமத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அது செய்கிற வேலை எதுவோ அதைத்தான் அன்றைக்கும் செய்தது. கோபம் உன் மேலும் என் மேலும்தான்.

ஒன்று மட்டும் அன்றைக்கப்புறம் மாறியிருக்கிறது. உன் கேள்விகளை நான் இப்போது இரண்டு தடவை கேட்கிறேன். முதல் தடவை கேட்டால் எல்லோரும் காரணம் சொல்கிறார்கள், வெயில் என்கிறார்கள், மாடிப்படி என்கிறார்கள், நேற்றுத் தின்ற பிரியாணி என்கிறார்கள். சரி என்று கேட்டுக்கொண்டு, வெளிக்காற்றில் உட்கார வைத்து, பத்து நிமிஷம் கழித்து அதையே திரும்பக் கேட்கிறேன். இரண்டாவது தடவை கேட்கும்போது அவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை அந்தக் கோபத்தால்.

உன்னை ஒரு தடவைதான் கேட்டேன், மச்சான். நீ பதில் சொன்னாய், நான் சிரித்துவிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் உனக்கும் கோபம் வந்திருக்கும், நாலு பேர் எதிரில் என்னைத் திட்டியிருப்பாய். வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.