பளபளப்பு வேணாம்கா

தம்பி,

பின்கட்டில் பூனைத் தட்டுக்கு அடியில் கிடக்கும் பலகைத் துண்டை இன்று காலை கழுவி வெயிலில் வைத்தேன். ஒரு முழம்கூட இல்லாத மெர்பாவ் மரத்துண்டு. பாதிக்கு வார்னிஷும் பாதிக்கு எண்ணெயும் பூசி நீ கொண்டுவந்தது. வார்னிஷ் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். எண்ணெய்ப் பக்கத்தில் பூனை கறுப்பி இத்தனை வருடமாக நகம் தீட்டியும், தேடிப் பார்த்தால்தான் ஏதாவது தெரிகிறது. நீ சொன்னதுதான் சரி. அதை உன்னிடம் ஒரு தடவைகூட நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதது இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மகனுக்குப் பெண் பேசியிருந்த நேரம் அது. தம்பின் ஊரிலிருந்து பெண் வீட்டார் இந்தத் தெமியாங் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். பெண்ணின் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்மை எஸ்டேட் ஆட்கள் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது, எனக்கு அந்த ஒரே கவலைதான். எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்ததை ஏதோ திருட்டுக் குற்றம் மாதிரி மறைத்துக்கொண்டு திரிந்தவள் நான். நீ கோலா சாவா எஸ்டேட்டை விட்டு வரவே இல்லை. ரப்பர் பால்மரம் சீவினாய், செம்பனைக் குலை அறுத்தாய், கடைசியில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் மரத்தரை போடும் வேலையைக் கற்றுக்கொண்டாய். கூடத்துச் சிமெண்டுத் தரையை மூடி மரம் போட்டுத் தா என்று உன்னைக் கூப்பிட்டேன்.

நீ உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. மூன்று விதப் பலகைத் துண்டுகளோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாய்.

"இத மூணையும் பூனை சோறு திங்கிற எடத்துல போட்டு வைக்கா. பத்து நாள் கழிச்சு வந்து பாக்குறேன்."

"ஏன்டா, பூனையா வீடு கட்டுது?"

"நீ சோபாலதான் உக்காந்திருப்ப. தரையில நடக்கிறது அதுங்கதான்லா."

பத்து நாள் கழித்து வந்து, தரையோடு தரையாகப் படுத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாய். மோந்தும் பார்த்தாய். எனக்குச் சிரிப்பாக வந்தது. கெம்பாஸ் மரத்துண்டில் செவலைப் பூனை மூத்திரம் பெய்திருந்தான்; ஓரம் கறுத்து உப்பியிருந்தது. அதைத் தள்ளி வைத்தாய். மெர்பாவ் என்று முடிவானது. அதுவரை நமக்குள் சண்டையில்லை. பூச்சு என்று வந்தபோதுதான் நான் பிடிவாதம் பிடித்தேன்.

"பளபளப்பு வேணாம்கா. வார்னிஷ்ல நகம் பட்டா வெள்ளையா தெரியும். ஒரு எடத்த மட்டும் சரி பண்ண முடியாது, மொத்தக் கூடத்தையும் தேய்க்கணும். எண்ணெய்னா கீறின எடத்துல துணியால ரெண்டு தேய் தேய்ச்சா போதும்."

"ஓட்டல் மாதிரி மொகம் தெரியணும்டா."

"பூனை மொகம்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, நான் கேட்டபடியே செய்தாய். நீ எப்போதும் அப்படித்தான். மூன்று பூச்சு அடித்தாய். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, அடுத்ததை அடித்தாய். போகும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாய்: நடக்கலாம், ஆனால் இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது, பூனைகளைப் பின்கட்டிலேயே வைத்துக்கொள்.

அவர்கள் ஆறாம் நாளே வந்துவிட்டார்கள். அன்று விடிந்ததும் செவலை எப்படியோ உள்ளே நுழைந்து சாமி மேடைக்குப் பக்கத்து மூலையில் பெய்துவிட்டான். கூடத்துக்குள் கால் வைத்ததுமே நாற்றம். குளியலறை கழுவும் பிளீச் போத்தலை எடுத்து அப்படியே கவிழ்த்தேன். கண் எரிந்தது. நாற்றம் போனது. ஒரு மணி நேரத்தில் அந்த மூலை முழுக்க வார்னிஷ் வெளுத்து, பாலாடை மாதிரி சுருங்கி நின்றது. கோலப்பலகையைப் போட்டு மறைத்தேன். மறையவில்லை.

பெண்ணின் அம்மாவுக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. "புதுத் தரைன்னீங்க, இந்த மூலை ஏன் இப்படி இருக்கு?"

பூனை பெய்தது, நான் பிளீச் ஊற்றினேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"என் தம்பி போட்டது. எஸ்டேட்ல இருக்கிறவன்... ஊத்திக்கிட்டு வேல செஞ்சிருப்பான்."

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த வருடத்தோடு நீ குடியை நிறுத்தியவன். பதினோரு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாதா? அவர்கள் கேள்வி கேட்காமல் நம்பக்கூடிய பொய் எது என்பதும் தெரிந்துதான் அதைச் சொன்னேன். தலைமையாசிரியர் புரிந்ததுபோல் தலையாட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். வந்தவர்கள் மேல் செவலை தாவிவிடக் கூடாது என்று, அவனை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நீ நின்றிருந்தாய்; அவர்கள் வருவது தெரிந்து பின்வழியாக வந்திருக்கிறாய். என்னைப் பார்த்தாய். பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாய்.

அடுத்த வாரம், கூப்பிடாமலே, தேய்க்கும் இயந்திரத்தோடு வந்தாய். அந்த மூலையில் மண்டியிட்டு மூக்கை வைத்துப் பார்த்தாய்.

"பிளீச் ஊத்துனியாக்கா?"

"இல்லையே," என்றேன். உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"சரி," என்றாய். மூன்று நாள் இருந்து மொத்தக் கூடத்தையும் தேய்த்து வெறும் மரமாக்கி, என்னைக் கேட்காமலே எண்ணெய் பூசினாய். அந்த மூன்று நாளும் நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தாய், செவலையோடு பேசினாய், என்னோடும் பேசினாய். திட்டியிருக்கலாம் நீ. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது தொலைத்திருப்பேன்.

கல்யாணத்தில் தாய்மாமன் முறை செய்ய உன்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நீ குனிந்து மாலை எடுத்தபோது, பெண்ணின் அம்மா லேசாக மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தார். நான் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய். நான் பொய்யை ஒரு நாளுக்காகத்தான் சொன்னேன், அது அவர்கள் வீட்டில் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

நெஞ்சுவலியில் நீ போனாய். உனக்கு மனைவி மக்கள் இல்லை. உன் பெயரைக் காப்பாற்ற என்னைத் தவிர ஆளில்லை. சாவு வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சம்பந்தியம்மா, "பாவம், குடிச்சே ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு," என்றார். உன் கால்மாட்டில்தான் இருந்தோம் இருவரும். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை, தம்பி.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனைப் பார்க்க அவர்கள் வந்திருந்தார்கள். குழந்தை கூடத்தில் கறுப்பியைத் துரத்தித் தவழ்ந்துகொண்டிருந்தான். சம்பந்தியம்மா தரையைத் தடவிப் பார்த்து, "இத்தன வருசம் பூனைங்க நடந்தும் புதுசு மாதிரியே இருக்கே," என்றார். என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"என் தம்பி போட்டது. அவன் குடிக்கல சம்பந்தி. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சம்பந்தி. செத்தவங்களப் பத்தி நல்லதுதான் பேசணும். அக்கான்னா இப்படித்தான் இருக்கணும்."

பொய்யை ஒரே வாக்கியத்தில் நம்பியவர்கள், உண்மையை என் நல்ல குணம் என்று நினைத்தார்கள். அதைவிடக் கேவலம் எது தெரியுமா? அந்தப் பாராட்டு ஒரு நொடி எனக்குச் சுகமாக இருந்தது. அப்படியே தேத்தண்ணீர் ஊற்றப் போயிருப்பேன்.

சமையலறை வாசல்வரை போனேன், நீ பூனையோடு நின்ற இடம்வரை. அங்கிருந்து குளியலறைக்குப் போய் பிளீச் போத்தலை எடுத்து வந்து, அவர்கள் முன்னால் உன் தரைமேல் வைத்தேன். "பூனை மூத்திரம் பேஞ்சிச்சு. இத ஊத்துனது நான். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்து மறுபடியும் போட்டுக் குடுத்தான்," என்றேன். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

பிறகு சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப சாவு வீட்ல நான் அப்படிச் சொன்னப்ப, ஏன் சம்பந்தி சும்மா இருந்தீங்க?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன். கறுப்பி இப்போது சாமி மேடைப் பக்கத்து மூலையில்தான் படுத்திருக்கிறாள். தரையில் ஒரு கீறல் இல்லை.