நாற்பத்தொரு பேர் சேர்ந்து சாகடித்த கவிஞர்

ஆல்டர்டன், நெப்ராஸ்கா
ஏப்ரல் 11

அன்புள்ள லெனோரா அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். அலாஸ்காவில் அந்த மீன் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு நீயும் நலமாக இருப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "வேணாம்டா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. எனக்கு உன்னிடமிருந்து ஒரு "சரி" வேண்டும், இருபத்திநான்காம் தேதிக்குள்.

ஏப்ரல் கவிதை மாதம் அல்லவா, நூலகர் குப்கா அம்மாவின் ஆட்டம் தொடங்கிவிட்டது. சட்டைப்பையில் ஒரு கவிதை இல்லாமல் யாரும் நூலகத்துக்குள் வரக் கூடாதாம். நான் போனது மொட்டைமாடியில் இருக்கும் ஏ.சி.யைப் பழுது பார்க்க. "கம்ப்ரஸர் கவிதையெல்லாம் கேக்காதும்மா" என்றேன். "கம்ப்ரஸர் கேக்க வேணாம், நீ கேளு. சனிக்கிழமை மத்தியானம் ஒரு கவிதையோட வந்து படி, அப்பதான் மாடிக் கதவைத் திறப்பேன்" என்றார்.

உன் அறையில் தேடினேன். ஒரு தடிப் புத்தகத்துக்குள் தட்டச்சு செய்த தாள் ஒன்று கிடந்தது. பெயர் இல்லை, பன்னிரண்டே வரி. சின்னதாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன். படித்துப் பார்க்கவில்லை. அதுதான் தப்பு.

சனிக்கிழமை நல்ல கூட்டம். காபி, நடுவில் ஆப்ரிகாட் பழக்கூழ் வைத்த கொலாச்சி பன். கவிஞர் பெயரைச் சொல்லாமல் படிக்க வேண்டும். எழுதியவர் உயிரோடு இருக்கிறார் என்று தோன்றினால் கை தூக்கலாம். மறைந்துவிட்டார் என்றால் கரண்டியால் கோப்பையைத் தட்ட வேண்டும். எல்லோரும் தட்டிய ஒரு கவிதையை எழுதியவள் டெட்ராய்டில் வெல்டிங் வேலை செய்யும் பெண். நேற்றைக்கு எழுதியது என்று நான் அடித்துச் சொன்னதை எழுதியவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நம் உள்நாட்டுப் போரில் காயம்பட்ட ஆள். எனக்கு ஆச்சரியம்தான். அந்த வெல்டர் பெண்ணின் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். சிரிக்காதே, வெல்டிங்கைச் சரியாக எழுதியிருக்கிறாள்.

என் முறை வந்தது. ஐந்தாம் வரியில் காற்று ஒருவரின் தொப்பியைத் தூக்கிப் போகிறது. அவர் சோயா வயலில் சிரித்துக்கொண்டே துரத்துகிறார். அவர் ஓடி அதுவரை பார்த்ததில்லை என்று இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். அதே வரியை இரண்டு தடவை படித்தேன். அப்பா ஓடியதைப் பார்த்தது நாம் இரண்டு பேர்தானே. நான் உருகிவிட்டேன் என்று நினைத்து முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படித்து முடித்ததும் நாற்பத்தொரு கோப்பைகள் ஒரே சத்தம். தீவனக்கடை ஆர்வில், விதைக் கம்பெனி கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டே, "இவன் செத்து நூறு வருஷம் இருக்கும்யா. இப்ப எவன் தொப்பி போடுறான்?" என்றார். பின்வரிசையில் ஒரே ஒரு கை மேலே நின்றது. கொலாச்சிக்காக வந்திருந்த அப்பா.

குப்கா அம்மா எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அப்பா, "சும்மா ஒரு யூகம்" என்றார். வண்டியில் ஏறியதும், "அந்தத் தொப்பி நீலம். அவ கறுப்புன்னு எழுதிட்டா" என்றார். பிறகு தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்றே ஒரு நகல் எடுத்துக்கொண்ட குப்கா அம்மா, எழுதியது யாரென்று மூன்று நாளாகப் பழைய தொகுப்பு, புதுத் தொகுப்பு எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசியில் போடும் சிறு புத்தகத்தில் அதுதான் முதல் கவிதையாம். இருபத்திநான்காம் தேதி அச்சுக்குப் போகிறது. உன் பெயரைப் போடலாம் என்று நீ சொல்லாவிட்டால் "பெயர் தெரியாதவர்" என்று வரும். நான் வாயைத் திறக்கவில்லை, உன்னைக் கேட்காமல் திறக்கவும் மாட்டேன்.

உன் கவிதைகளைப் பதினொரு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின, எல்லாவற்றையும் அடுப்பில் போடு என்று சொல்லிவிட்டுப் போனாய். போட்டேன். இது ஒன்று தப்பித்துவிட்டது. அந்தப் பதினொரு பேருக்கும் கவிதை தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் அறை முழுக்க ஒருத்தரும் காபியைத் தொடாமல் கேட்டார்கள், அதை நான் நின்று பார்த்தேன்.

ஒரு வரி எழுதிப் போடு. தொப்பியின் நிறத்தையும் வேண்டுமானால் மாற்று. குளிரில் கையுறை போட்டுக்கொள். அப்பா காலையிலிருந்து இரண்டு தடவை தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். இந்தக் கடிதத்தை நான் இன்னும் அனுப்பவே இல்லை.

உன் தம்பி,
டெரல்