வடக்குக் காட்டு வரைபடம்

பிப்ரவரி 5, 1996. திங்கள். மைசூர்.
காலையில் பனி. ஜீப்புக்கு டயர் மாற்றி முடியும்வரை நிலவியல் ஆய்வு அலுவலக வாசலில் காத்திருப்பு. எடுத்துக்கொண்டவை: சுத்தியல் 2, காம்பஸ், மாதிரிக் கற்களுக்குத் துணிப்பைகள், முட்டிக்குத் தைலம். ஐம்பத்திரண்டு வயதில் முதலில் ஞாபகம் வந்தது தைலம்தான்.

பிப். 6. செவ்வாய். கோபிநத்தம்.
வழியில் மூன்று இடத்தில் போலீஸ் சோதனை. மூன்றிலும் இறங்கி அடையாள அட்டை காட்டி ஏறினோம்.
மாதப்பன் காத்திருந்தார். நாலாவது வருடமாக எனக்கு வழிகாட்டி. எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. “ஏனுங்க சார், இளைச்சுப் போயிட்டீங்க” என்றார்.
பாறை வரைபடத்தில் தெற்குப் பக்கம் போன வருடமே முடிந்தது. வடக்குக் காடு மட்டும் பாக்கி.

பிப். 8. வியாழன்.
வெயில். மரமெல்லாம் மொட்டை, நிழலே இல்லை. ஓடைக்கு மேலே கறுப்புப் பாறை, சுவர் எழுப்பியது போல் நேராக ஓடுகிறது. நாற்பது தப்படி அகலம். நல்ல விஷயம்தான். ஆனால் சந்தோஷப்படவும் தெம்பில்லை. யானைச் சாணம், சூடாக. ஒரு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். மாதப்பன் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப். 9. வெள்ளி.
இறங்கும்போது வலது முட்டி மடங்கிவிட்டது. வீக்கம். தைலத்துக்குக் கேட்கவில்லை. இன்னும் மூன்று இடத்தில் கல் எடுக்க வேண்டும்.

பிப். 10. சனி.
மாதப்பனைத் தனியாக அனுப்பினேன். வரைபடத்தில் மூன்று இடத்தையும் பென்சிலால் வட்டமிட்டுக் கையில் கொடுத்தேன். என் வட்டங்கள் அவருக்குப் புரியும். அந்த வரைபடம் அரசாங்க ரகசியம், அதிகாரி கையை விட்டுப் போகக் கூடாது. தெரிந்தேதான் கொடுத்தேன். கட்டிலை விட்டு எழ முடியவில்லை, அவ்வளவுதான்.

மாலை நாலு மணிக்கு அவர் மனைவி சின்னத்தாயி ஓடி வந்தாள். “சார், அவுங்களப் போலீஸ் கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாமுங்க. பையில ஏதோ மேப்பு இருந்துச்சாம். காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கறவங்களுக்குக் கொண்டுட்டுப் போறான்னு சொல்றாங்களாமுங்க.”
காலையில் வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.
டிரைவர் சிவண்ணா ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: “சார், மேப் காணாம போச்சுன்னு சொல்லிடுங்க. உங்க கெலசா உளியும்.” வேலை தப்பும் என்கிறார். ஏன் திட்டவில்லை நான்?
கேம்ப் ஏழு கிலோமீட்டர். ஜீப்பில் அரை மணி. முட்டி வலி என்று படுத்துக்கொண்டேன். முட்டி வலி நிஜம். போகாததற்கு அது காரணமில்லை.

பிப். 11. ஞாயிறு.
எட்டு மணிக்கு கேம்ப். இன்ஸ்பெக்டர் மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்தார். “மேப் அவன் கைக்கு எப்படிப் போச்சு?”
வாய்வரை வந்தது, காணாமல் போனது என்று. டீயைக் குடித்தேன்.
“நான்தான் கொடுத்தேன்.”
“எழுதிக் கொடுங்க. உங்க மேலதிகாரிக்கு ஒரு காப்பி போகும்.”
அரைப் பக்கம். கையெழுத்து, பதவி, தேதி.
மாதப்பனை வெளியே விட்டார்கள். வலது கை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்றேன். “விழுந்துட்டனுங்க.” ஜீப்பில் ஏறியதும் துணிப்பையை இடது கையால் என் பக்கம் தள்ளினார். “கல்லு மூணும் அதுல இருக்குதுங்க. பாத்துக்குங்க.”
கொள்ளேகால் ஆஸ்பத்திரி. எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

பிப். 12. திங்கள்.
மாத்திரையும் பழமும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சின்னத்தாயி வாசலிலேயே நின்றாள். “நேத்து வந்தீங்க சரிங்க. முந்தாநாளே வந்திருந்தா அந்தக் கை தப்பிச்சிருக்குமுங்க.”
உள்ளேயிருந்து மாதப்பன்: “சாருக்குத் தண்ணி குடு.”
கொடுத்தாள். குடித்தேன்.
கிளம்பும்போது அவர் எழுந்து வந்தார். “இனி வேற ஆளப் பாத்துக்குங்க, சார். கோவமில்லீங்க. காட்டுக்குள்ள கால் வெக்கறத நெனச்சாலே பயமா இருக்குதுங்க.”
சரி என்றேன். 

பிப். 13. செவ்வாய்.
வேலையை நிறுத்தியாயிற்று. மூட்டை கட்டல். மூன்று கல்லிலும் எண் எழுதினேன். தரமான மாதிரிகள்.

பிப். 16. வெள்ளி. மைசூர்.
நான் எழுதிக் கொடுத்ததன் காப்பி எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உண்மையைச் சொன்னது சரி. கொடுத்தது தப்பு. மெமோ வரும்” என்றார். இந்த வருடப் பதவி உயர்வு இல்லை. வடக்குக் காட்டுக்கு வேறு ஆள் போவார்.

வீட்டில் மனைவி வசந்தாவிடம் சொன்னேன். வரைபடம், கேம்ப், எழுதிக் கொடுத்தது, மாவுக்கட்டு. காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “போகட்டும் விடுங்க. விஷயம் தெரிஞ்ச உடனே ஓடிப்போய் அவரைக் கூட்டிட்டு வந்தீங்களே, அது போதும்.”
உம் என்றேன்.