சோளக்காட்டில் ஒளித்த காளைகள்

பெங்களூர்
20-8-1936

அப்பாவுக்குப் பொங்கியண்ணன் விழுந்து கும்பிட்டு எழுதுவது. நான் சௌக்கியம். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

தொண்டை அடைப்பான் நோயில் நம் மயிலைக் காளைகள் இரண்டும் செத்துப்போனதாகத் தம்பி எழுதியிருந்தான். ஊசி போட வந்த மாட்டு டாக்டரிடம், "ஏனுங்க, எங்க ஊட்டுல இந்தக் கெழட்டு மாடு ஒண்ணுதானுங்க" என்று சொல்லி, காளைகளைச் சோளக்காட்டில் ஒளித்தீர்களாம். இப்போது ஊசி போட்ட கிழமாடு மட்டும் நிற்கிறது.

நான் வேலை பார்க்கும் இந்த மாட்டு ஊசிமருந்து நிலையத்தில் ஊசி போட்ட மாடுகளுக்கு அந்த நோயையே ஏற்றிப் பார்க்கிறோம். ஒருநாள் காய்ச்சலோடு எழுந்துவிடுகின்றன. போடாதவை சாகின்றன. மூன்று கடிதங்களில் இதைத்தானே எழுதினேன்?

நேற்று ரத்தம் எடுக்கும்போது ஒரு காளை முழங்காலில் உதைத்துவிட்டது. அதுவும் நம் பக்கத்து மயிலைதான். லேசான வீக்கம், பயப்பட வேண்டாம். நம் செக்கு விளக்கெண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள்.

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் நேரம், நிறுத்துகிறேன். கிழமாட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் என் சொல் ஏறிய உடம்பு அது ஒன்றுதான்.

பொங்கியண்ணன்