காக்கை இல்லாத ஊருக்கு

அம்மா,

இன்று அலமாரியின் மேல் தட்டிலிருந்து அந்தச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை இறக்கினேன். அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. வெளியே மலாக்காவின் வெயில் தகித்துக்கொண்டிருக்க, நான் கம்பளியில் முகம் புதைத்து நின்றேன். அலோர் காஜாவின் பண்டல் கடையில் பழைய துணிக் குவியலைக் கிளறி நீங்கள் அதை எடுத்தபோது கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க வீட்டுக்காரருக்கு பிரேசில்ல வேலலா. அங்க ஐஸ் கணக்கா குளிருமாம்," என்று அவர் கேட்காமலேயே சொன்னீர்கள்.

அப்பாவின் தொழிற்சாலை அவரைத் தென் பிரேசிலில் உள்ள குரிச்சிபா நகரத்துக்கு மூன்று ஆண்டுகள் அனுப்புவதாகச் சொன்ன புதிது அது. சாப்பாட்டு மேசையிலேயே நாம் மூவரும் அந்த ஊரில் குடியேறிவிட்டோம். யோசிக்க வேண்டியவற்றை அப்பா ஒரு தாளில் எழுதினார்: விசா, என் பள்ளிக்கூடம், போர்த்துகீசிய மொழி. நான் நூலகத்திலிருந்து சேதி கொண்டு வருவேன். அங்கே ஜூன், ஜூலையில்தான் குளிர்காலம். பல வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. சூரியன் வடக்கு வானத்தில் சாய்ந்து போவதால் வடக்குப் பார்த்த சன்னலுள்ள வீடாகத் தேட வேண்டும்.

"அட, சூரியனே பக்கம் மாறிப் போற ஊரா? அப்ப நான் துணிய எந்தப் பக்கம் காயப்போடுறது?" என்று கேட்டீர்கள். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு விமானத்தில் ஏற்ற விடுவார்களா என்றும் கேட்டீர்கள்.

அந்த நாள்களில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். ஊசியிலை மரங்களுக்கு நடுவே வெள்ளையாகப் பனி மிதக்கும். அதற்குள் நீங்கள் கைலியும் கம்பளிச் சட்டையுமாக, சந்தைக்குப் போகிறவர் போல நடந்து போவீர்கள்.

பிறகு நீங்கள் நோயில் விழுந்தீர்கள். அப்பா அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டார்.

சென்ற வாரம் தொழிற்சாலை மறுபடியும் கேட்டது. "நீ சரின்னாதான் போவோம்மா. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்," என்றார் அப்பா. அவருக்குப் போக ஆசை. இந்த வீட்டில் உங்கள் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட அவர் படும் பாடு எனக்குத் தெரியும். எனக்கோ பயம். மொழி தெரியாத வகுப்பில் ஊமையாக உட்காரும் பயம். நீங்கள் இருந்த வீட்டைப் பூட்டும் பயம். இரண்டையும் சொல்லக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை உங்களுக்கு ஒரு வருடத் திதி. அப்பாவின் அக்கா, என் அத்தை, கோலா சுங்கை பாருவிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். வடை, பாயசத்தோடு உங்களுக்குப் பிடித்த தேங்காய் ஷேக் பானத்தையும் கிளேபாங்கில் வாங்கி வந்து அப்பா படைத்தார். "ஐஸ் கரையிறதுக்குள்ள கும்புடுங்கலா," என்றார் அத்தை. பின்பக்கச் சுவரில் சோறு வைத்து ஒரு முறைதான் கூப்பிட்டோம். இரண்டு காக்கைகள் இறங்கின.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்துட்டா பாரு. அங்க போனாலும் மறக்காம வைடா, தம்பி," என்றார் அப்பாவிடம்.

"அங்க காக்காவே இல்ல, அத்த," என்றேன். "தென் அமெரிக்கா முழுக்க இல்ல. புத்தகத்துல பார்த்தேன்."

"காக்கா இல்லாத ஊரா! அது என்னடி ஊரு?"

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத நான் யோசிக்கவே இல்லையே," என்றார் மெதுவாக. "அப்ப வேணாம்மா. உங்கம்மா எங்க வந்து சாப்புடுவா?" மேலாளரிடம் சொல்லக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது, அம்மா. ஆனால் புத்தகத்தின் அதே பக்கத்தில் கீழே இன்னும் நான்கு வரிகள் இருந்தன.

தாத்தாவின் திதி ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. எனக்கு ஏழு வயதிருக்கும். வெகுநேரம் கூப்பிட்டும் ஒரு காக்கைகூட வரவில்லை. எல்லாரும் முகம் வாடி நிற்க, நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "எங்கப்பா மெதுவா வரட்டும். பிள்ளைய பட்டினி போட்டாத்தான் அவருக்குக் கோவம் வரும்," என்று எனக்கு இலை போட்டுவிட்டீர்கள்.

வாசலுக்கு ஓடி அப்பாவின் கையைப் பிடித்தேன். "பாதிதான்பா சொன்னேன். காக்கா குடும்பத்துப் பறவ ஒண்ணு அந்த ஊர்ல இருக்கு. நீலமா இருக்கும். அங்க உள்ள பைன் மரத்துக் கொட்டைய மண்ணுல பொதச்சு வைக்குமாம். மறந்துட்டா அது மொளச்சு மரமாயிடுமாம். எனக்குப் போக பயமா இருந்துச்சு, அதான் மறைச்சிட்டேன்."

அப்பா திட்டவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "எனக்கும் பயமாத்தான்மா இருக்கு," என்றார்.

உள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "நீலக் காக்காவா? அது சாம்பார் சோறு திங்குமாடி?"

அப்பா சிரித்தார், ஒரு வருடத்துக்குப் பிறகு.

"போலாம்பா," என்றேன்.

அந்தப் பறவை நீங்கள்தான் என்று இப்போதே என்னால் நம்ப முடியவில்லை, அம்மா. அது நம் சோற்றைத் தேடி வருமா என்றும் தெரியாது. அடுத்த திதிக்கு வெளியே சோறு வைத்து உரக்கக் கூப்பிடுவேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். கொஞ்ச நேரம் காத்திருப்பேன். யாரும் வராவிட்டால் உள்ளே வந்து, அப்பாவை உட்காரச் சொல்லி, சூடு ஆறுமுன் பரிமாறிவிடுவேன்.