பூஜைக்குக் கழுவிய தொட்டி

நண்பா,

இன்று காலை காற்று ஊதும் தொட்டியின் பக்கம் போனதும் மழையில் நனைந்த மண்ணின் வாசனை வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் மண்வாசனையா என்று வெளியாள் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். நீ சிரிக்கமாட்டாய்; தொட்டி நலமாக இருக்கிற வாசனை அது என்று உனக்குத் தெரியும். நீ கண்ணை மூடி நாற்பது நாளாகிறது. இதைச் சொல்ல வேறு ஆளில்லாமல் உனக்கே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் அறை எடுத்துத் தங்கியவன், நீ பென்னலூர்க்காரன். ஒரகடம் தொழிற்சாலையில் எனக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, உனக்குத் தோட்டம். கேண்டீனிலும் கழிப்பறையிலும் ஓடிய தண்ணீர் என் தொட்டிகளில் தெளிந்து, உன் புல்வெளிக்கும் வேப்பங்கன்றுகளுக்கும் வரும். "நீ அனுப்புறதத்தான் என் செடி துன்னுது, பாத்து அனுப்புபா" என்பாய். நானோ பம்பு, வால்வு, மோட்டார் என்றுதான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பிறகு அந்த ஆயுதபூஜை வந்தது. ஒவ்வொரு லைனிலும் இயந்திரங்களைத் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். என் தொட்டி மட்டும் பழுப்பாக நுரைத்துக்கொண்டு கிடந்தது. எனக்கு மானம் போவதுபோல் இருந்தது. அந்தப் பழுப்புச் சேற்றை டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். தண்ணீர் பளபளத்தது. மேனேஜர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தப் பழுப்புதான் அழுக்கைத் தின்று வாழும் கோடானுகோடி உயிர் என்பது படித்துத் தேறிய எனக்கு அன்று உறைக்கவில்லை. அத்தனையையும் கொன்றுவிட்டு அதன்முன் பொரியும் சுண்டலும் படைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நீ வந்து நின்றாய். "கொக்கு ஒண்ணுகூட வர்லபா. மண்புழுல்லாம் மேல வந்து செத்துக் கெடக்குது. தண்ணில இன்னா கலந்துகீது?"

"ஒண்ணும் கலக்கலியே" என்றேன். கண்கூட இமைக்கவில்லை.

அடுத்த நாள் வேப்பங்கன்றுகளின் இலை ஓரம் கருகிவிட்டது. யூரியாவை அள்ளிப் போட்டிருக்கிறாய் என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினார். வாரக் கடைசியோடு நின்றுகொள் என்றார். நீ பேசாமல் நின்றாய். பத்தடி தள்ளி, சரியாகவே இருந்த ஒரு வால்வை நான் குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் மதியம் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழை கொட்டினால் தோட்டத்துத் தண்ணீர் மதிலைத் தாண்டி ஏரிக்குப் போகும். உங்கள் ஊர் மாடுகள் குடிக்கிற ஏரி. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவுமிடத்தில் உன்னைப் பிடித்து, "நாந்தாம்ல பிளீச்சிங் பவுடர் கொட்டுனேன்" என்றேன்.

நீ என் சட்டையைப் பிடிப்பாய் என்று நினைத்தேன். "மழ வர்றதுக்குள்ள வால்வ மூடு. மிச்சத்த அப்பால பேசிக்கலாம்" என்றாய்.

மூடினோம். பிறகு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எனக்கு மெமோ கிடைத்தது, உனக்கு வேலை நிலைத்தது. மறுநாள் காலை உன் மொபெட்டில் இரண்டு கேன் சாணக்கரைசல் கட்டிக்கொண்டு வந்தாய். நான் வெல்லம் வாங்கிவந்தேன். கரைத்து ஊற்றிக் காற்றைத் திறந்துவிட்டோம். தொட்டியில் பழையபடி பழுப்பேற மூன்று வாரம் ஆயிற்று. கொக்குகள் திரும்பிவர இன்னும் சில நாள். காற்று, தண்ணீர், மண், உயிர் எல்லாம் நம் தொழிற்சாலை மாதிரி தனித்தனி டிபார்ட்மென்ட் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றில் கைவைத்தால் மற்றதெல்லாம் அசைகிறது. இன்றுவரை மீட்டரைப் பார்க்குமுன் புல்வெளியைத்தான் பார்க்கிறேன். ஒருமுறையும் நான் ஏமாந்ததில்லை.

உன் காரியத்துக்கு வந்தபோது உன் மனைவி ஒன்று சொன்னார். "சூப்பர்வைசர் திட்ன அன்னிக்கே அவுருக்குத் தெரியும்ணா. பூஜ அன்னிக்கு உங்க சட்டயில பிளீச்சிங் வாசன அடிச்சுதாம். போய்ச் சொல்றதுதானேன்னேன். 'ஊரு வுட்டு வந்தவன், நான் சொன்னா அவன் வேல பூடும். அவனே சொல்லுவான். கன்னு வேற வெச்சுக்கலாம்'னாரு."

வேலை போகவிருந்தது உனக்கு. நீயோ என் வேலை போய்விடக்கூடாது என்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது தொட்டிகளுக்குப் பொறுப்பு நான். என் கீழே ஏழு பேர். அவர்களில் யாராவது ஒருநாள் என் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லத்தான் போகிறார்கள். சொல்லட்டும். முதலில் வால்வை மூடிவிடுவேன். பிறகு, உண்மை அவர் வாயாலேயே வரும்வரை காத்திருப்பேன்.